மறந்த குளிசை

நிலத்தோடு வாழ்ந்தவருக்கு நேரம் காட்டியது மணிக்கூடு அல்ல. பால் கறப்பதும் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விடுவதும்தான். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவு பலரது தோட்டத்தைக் கொண்டுபோனபோது அந்த நேரமும் போயிற்று. இந்நிலையில் மனச்சோர்வுக்குத் தினமும் குளிசை எடுப்பவர் ஒருநாள் மறந்தால், கவனயீனம் என்று அவரை ஏசுவதை நாம் ஏற்கவில்லை. 'செபித்தால் போதும், மருந்து எதற்கு' என்போரை (எமது சபைகளிலும் இருக்கிறார்கள்) அதைவிட ஏற்கவில்லை.

மறந்தது நினைவுக்கு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்கவே கூடாது.

மறதியைவிட நாம் அஞ்சுவது, 'சுகம் வந்துவிட்டது' என்று தாமாகவே நிறுத்திவிடுவதற்குத்தான். இக்குளிசை குணம் காட்டவே சில கிழமைகள் ஆகும். சுகம் கண்டபின்னும் ஆறு மாதமாவது தொடரவேண்டும். சட்டென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை வைத்தியசாலை பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான். குளிசை முடியுமுன் கிளினிக் கொப்பியோடு போய்வாருங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

தற்காலிகக் கொட்டிலிலும் காலைத் தேநீர் உண்டு. சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் குளிசையை வையுங்கள், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.