குட்வில் கணக்கு

போன வாரம் ஒரு வேலையாக (வேலை என்றால் கைமாற்று) நண்பர் ஒருவரின் ஆபீஸுக்குப் போயிருந்தேன். கேஷியர். லஞ்ச் நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார்! எம்.எல்.ஏ. மகன் எம்.எல்.ஏ., மந்திரி மகன் மந்திரி. இது ஜனநாயகமா, இல்ல சோழ பரம்பரையா? தகுதி வேணாமா? திறமை வேணாமா?"

சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். தயிர் சாதம் சாப்பிடும்போது எதிர்க்கட்சியாக இருக்க யாருக்கும் தோன்றாது.

அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. யார் என்று பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். குரல் குழைந்துவிட்டது.

"ஐயா, வணக்கங்கய்யா... ஆமாங்கய்யா, பையன் விஷயமாத்தான்... பி.காம். முடிச்சிட்டான்யா... மார்க்கு சுமார்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நம்ம பையன்யா..."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எங்க விட்டேன்?" என்றார்.

"தகுதி வேணாமான்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க" என்றேன்.

கைமாற்று கிடைக்கவில்லை.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது என்பது வேறு விஷயம். நான் பி.காம். முடித்ததும் வேலைக்குச் சேர்ந்தது, என் அப்பா இருபத்தேழு வருஷம் கணக்கு எழுதிய கம்பெனியில். ஒரே ஒரு போஸ்ட். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் கிளாஸ்மேட். காஸ்ட் அக்கவுன்டன்சி பரீட்சைக்கு முந்தைய ராத்திரி எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து என்னைப் பாஸ் பண்ண வைத்தவன்.

அவனை முதலில் கூப்பிட்டார்கள். பதினோரு கேள்வி. வெளியே வந்து விரல் விட்டு எண்ணிச் சொன்னான். பத்துக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தான்.

அடுத்தது நான். ஒரே கேள்வி.

"அப்பா சௌக்கியமா?"

சரியான பதிலைச் சொன்னேன். வேலை கிடைத்தது. அவன் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அலைந்தான். அவன் அக்கா கல்யாணம் அந்த ஒன்றரை வருஷமும் தள்ளிப்போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நானாகவே சொல்லிக்கொண்டேன். சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரிய தலைவர்களின் பிள்ளைகள் பெரிய பதவிக்குப் போட்டியிடலாமா?

சட்டத்தைக் கேட்டால், தாராளமாக. லோக்சபாவுக்கும் சட்டசபைக்கும் நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அப்பா யார் என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. இன்னார் மகன் என்பதற்காக ஒருவனுக்குப் பதவி தருவது தப்பு என்றால், இன்னார் மகன் என்பதற்காகவே கதவைச் சாத்துவதும் தப்புதானே?

கட்சிகளைக் கேட்டால், ஒவ்வொன்றும் அடுத்த கட்சியைக் கைகாட்டும். நமக்கு அந்தச் சங்கடம் வேண்டாம், எல்லோரையும் சேர்த்தே பார்ப்போம். வாஜ்பாய் மந்திரிசபையில் கப்பல் துறையைக் கவனித்த வேத் பிரகாஷ் கோயலின் மகன் பியூஷ் கோயல், மோடி மந்திரிசபையில் 2017-ல் ரயில்வே மந்திரி ஆனார். 2019 லோக்சபா தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஜெயித்த ஒரே தொகுதி தேனி. ஜெயித்தவர் ஓ.பன்னீர்செல்வத்தின் மகன். வைகோ 1993-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, 1994-ல் தனிக்கட்சி கண்டபோது மேடைக்கு மேடை பேசப்பட்ட பேச்சு, வாரிசு அரசியல். 2024-ல் அவர் மகன் துரை வைகோ திருச்சி எம்.பி. கட்சிக்குள் ஓட்டெடுப்பு நடத்தித்தான் பொறுப்பு கொடுத்தோம் என்கிறார்கள். சரி, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. இதற்குப் பெயர் குட்வில். கடையில் இருக்கும் சரக்கு, மேஜை, நாற்காலி எல்லாவற்றுக்கும் விலை போட்ட பிறகும், "அந்தக் கடையா? நம்பி வாங்கலாம்" என்று ஜனங்கள் சொல்கிறார்களே, அதற்கு ஒரு விலை. கண்ணுக்குத் தெரியாத சொத்து. அப்பா வெயிலில் அலைந்து சேர்த்தது, பிள்ளையின் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் கணக்குப் பாடத்தில் குட்வில்லுக்கு ஒரு கடிவாளமும் உண்டு. கம்பெனிகள் ஒன்று சேரும்போது வரும் குட்வில்லைப் பொதுவாக ஐந்து வருஷத்துக்குள் எழுதித் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு விதி. அதாவது பழைய பெயரை வைத்து ஐந்து வருஷம் ஓட்டலாம். அதற்குள் நீயாகச் சம்பாதித்துக் காட்டு. ஐந்து வருஷம் என்பது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

அரசியலில் இந்தக் கணக்கு தலைகீழாக நடக்கிறது. வருஷம் ஆக ஆக குட்வில் குறைய வேண்டியது, தலைமுறை ஆக ஆகக் கூடுகிறது.

நேரு 1964-ல் காலமானதும் இந்திரா பிரதமராகிவிடவில்லை. லால் பகதூர் சாஸ்திரி வந்தார். சாஸ்திரி மறைந்த பிறகு 1966 ஜனவரியில் காங்கிரஸ் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். இந்திராவுக்கு 355. மொரார்ஜி தேசாய்க்கு 169. காமராஜர் பின்னால் நின்றார் என்பது நிஜம். ஆனாலும் எதிரே ஓர் ஆள் இருந்தார், எண்ணிப் பார்க்க ஓட்டு இருந்தது.

அடுத்த தலைமுறை. விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ராஜீவ் காந்தி 1981-ல் அமேதி இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார். 1984 அக்டோபர் 31 காலையில் அம்மா சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலையே மகனுக்குப் பதவிப் பிரமாணம். எதிரே யாரும் இல்லை. எம்.பி.யாகி மூன்றே வருஷம்.

நம் ஊருக்கு வாருங்கள். மு.க.ஸ்டாலின் 1976-ல் மிசாவில் ஜெயிலுக்குப் போனவர். 1984-ல் ஆயிரம் விளக்கில் நின்று தோற்றார். 1989-ல் ஜெயித்தார், 1991-ல் மறுபடி தோற்றார். துணை முதல்வரானது 2009-ல். முதலில் தேர்தலில் நின்றதிலிருந்து கணக்குப் போட்டால் 25 வருஷம். அவர் மகன் உதயநிதி முதல் தடவை நின்றது 2021. துணை முதல்வரானது 2024. மூன்று வருஷம். டெல்லிக் கணக்கும் மூன்று, சென்னைக் கணக்கும் மூன்று!

ஏன் கட்சிக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள்? முப்பது வருஷம் கொடி பிடித்தவர்களுக்குக் கோபம் வராதா? ஆபீஸ் போகும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மானேஜர் சீட் காலியாகிறது. பக்கத்து சீட்டுக்காரன் மானேஜர் ஆனால் உங்களுக்குத் தூக்கம் வருமா? வராது. முதலாளி பையன் வந்தால்? "பெரிய இடத்துப் பிள்ளை, வரட்டும்" என்று மாலையோடு போய் நிற்போம். கட்சியிலும் அதே கதைதான். இரண்டாம் வரிசைத் தலைவர்கள் பத்துப் பேருக்கு ஒருவரையொருவர் பிடிக்காது. பத்துப் பேரும் ஒத்துக்கொள்ளும் பதினோராவது ஆள், தலைவரின் பிள்ளை. தலைவர் திணிக்கிறார் என்பது பாதி நிஜம். தொண்டர்களே தூக்கிவைத்துக்கொள்கிறார்கள் என்பது மீதி நிஜம்.

"அதான் ஜனங்க ஓட்டுப் போடறாங்களே, பிடிக்கலைன்னா தோற்கடிக்கட்டுமே" என்பீர்கள். தோற்கடித்திருக்கிறார்கள் ஐயா. 1977-ல் சஞ்சய் காந்தியை அமேதி தோற்கடித்தது. 2019-ல் அதே அமேதி ராகுல் காந்தியையும் தோற்கடித்தது. பெயருக்கு மயங்கியதும் அதே அமேதிதான் என்று வையுங்கள். 1989-ல் அங்கே ராஜீவை எதிர்த்து நின்றவர் ராஜ்மோகன் காந்தி. மகாத்மாவின் மகன் வயிற்றுப் பேரன், ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரன். இரண்டு பக்கமும் குட்வில்! தோற்றுப்போனார். நிஜக் காந்தியின் பேரன், காந்தி என்ற பெயர் கொண்டவரிடம் தோற்ற ஒரே தேசம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் ஜனங்கள் ஓட்டுப் போடுவது கடைசிப் பரீட்சை. அதற்கு முன்னால் ஒரு பரீட்சை இருக்கிறது. கட்சி டிக்கெட். சட்டத்தில் கட்சிகளைப் பதிவு செய்ய 29ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேட்பாளரை யார், எப்படிப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த இன்டர்வியூ ஒரு வீட்டு ஹாலில் நடக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று. "அப்பா சௌக்கியமா?"

அமெரிக்காவில் வாரிசுகள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கே மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு நடக்கிறது. ஜெப் புஷ் என்று ஒருவர். அப்பா ஜனாதிபதி. அண்ணன் ஜனாதிபதி. தானும் ஃப்ளோரிடாவில் இரண்டு தடவை கவர்னராக இருந்தவர். அவருக்காக ஆதரவாளர்கள் திரட்டிய பணம் மட்டும் பத்துக் கோடி டாலருக்கு மேல். 2016 பிப்ரவரியில் மூன்றே மாநிலத்தில் சொந்தக் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டு, "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் அண்ணனும் 2000-ல் இதே மாதிரி நின்று, நியூ ஹாம்ப்ஷயரில் ஜான் மெக்கெய்னிடம் அடி வாங்கி, அப்புறம்தான் தேறி வந்தார். அந்த ஊரிலும் பெயர் உதவுகிறது. ஆனால் பெயர் மட்டும் பாஸ் மார்க் வாங்கித் தருவதில்லை.

டிக்கெட் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் ஊர்க் கதையே போதும். 1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். 1,285 ஓட்டு வித்தியாசம். ஜெயித்தவர் ஒரு மாணவர் தலைவர். பெரிய தலைவர் யாருக்கும் மகன் இல்லை, மருமகனும் இல்லை. தி.மு.க. அவருக்கு ஒரு டிக்கெட் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த டிக்கெட் வேறு யாராவது ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் போயிருந்தால், அவர் பெயர் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இன்றைக்கு எந்தெந்த ஊரில் எத்தனை பேர் அப்படித் தெரியாமல் போகிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. நிஜமான நஷ்டம் அதுதான். நஷ்டம் வந்த பக்கத்தை நாம் எழுதுவதே இல்லை.

என் கிளாஸ்மேட்டைப் பற்றிச் சொன்னேனே, அவன் இப்போது சொந்தமாக ஆபீஸ் போட்டு வருமான வரிக் கணக்கு பார்க்கிறான். போன மாதம் என் கணக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனின் வருமானத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வரி கட்ட வேணாம்டா, யாராவது உனக்குக் கட்டணும்" என்றான். காபி வந்தது. இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அந்த இன்டர்வியூ... என் மேல கோபமாடா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. கால்குலேட்டரைத் தள்ளி வைத்தான்.

"நீ வந்தது தப்பில்லடா. உங்கப்பா கம்பெனி, நீ வராம யார் வருவா? என்னைக் கேட்ட பதினோரு கேள்வியை உன்னையும் கேட்டிருக்கணும். அதுக்கப்புறம் உனக்கே வேலை கெடைச்சிருந்தாலும் நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்."

"கேட்டிருந்தா நான் ஃபெயில்டா."

"அது எனக்கும் தெரியும்" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். காபிக்கு நான்தான் காசு கொடுத்தேன். பழைய பாக்கியில் ஒரு பகுதி.

தலைவர்களின் பிள்ளைகள் தாராளமாக நிற்கட்டும். முதல்வராகட்டும், பிரதமராகட்டும். கட்சிக்குள்ளே எதிரே நிற்க ஓர் ஆளையும் விடட்டும். இரண்டு பேரையும் அதே பதினோரு கேள்வி கேட்கட்டும். கட்சி கேட்காவிட்டால், மீதி இருப்பது நாம்தான்.

அடுத்த தேர்தலில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை உங்கள் வாசலுக்கு வந்து கும்பிடுவார். நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். தெருவில் சாக்கடை என்ன ஆச்சு, ரேஷன் கடை ஏன் பாதி நாள் பூட்டியிருக்கிறது, படித்த பையனுக்கு வேலை எங்கே என்று கேளுங்கள்.

தயவுசெய்து, "அப்பா சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள்.