மின்சாரக் காரிலே கடல் கடந்த தூரவழி

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் எழுதியபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுதற்கு எம்மினும் மூத்தோரும் வல்லோரும் பலர் உளராதலின், எமக்கு நேரே தெரிந்த பொருளொன்றைப் பற்றி எழுதலே தகுதியெனக் கொண்டோம். இங்கிலாந்திலே வாழும் எம்மவரிற் பலர் இப்போது பெற்றோல் வண்டியைக் கைவிட்டு மின்சாரக் கார் வாங்கி வருகின்றனர். வாங்கியவர்கள் ஊருக்குள் மகிழ்ச்சியோடு ஓடித்திரிகின்றனர். ஆயின், சூரிச்சிலோ பாரிசிலோ உறவினர் வீட்டுக் கலியாணம் என்று கேட்டவுடன் விமானச் சீட்டுத் தேடுகின்றனர். அன்றேல் மைத்துனரின் பழைய டீசல் வண்டியை இரவல் கேட்கின்றனர். இது வேண்டாத அச்சம் என்பது எமது கருத்து. ‘ஏறினோம், போனோம்’ என்று ஒன்றும் பாராது புறப்படுவோரின் துணிச்சலையும் நாம் மெச்சவில்லை. அத்துணிச்சலால் நாமே ஒருமுறை பட்டதுண்டு.

மோட்டார் வண்டியிலே முதன்முதல் தூரப் பிரயாணஞ் செய்தவர் ஒரு பெண்மணி. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, பேர்தா பென்ஸ் அம்மையார் கணவருக்குச் சொல்லாமல், மக்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, யேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். அக்காலத்தில் பெற்றோல் நிலையம் என்பது உலகில் எங்கணும் இல்லை. வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக்கடைக்குட் புகுந்து, துணியின் அழுக்குப் போக்க விற்கும் லிக்ரோயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைபட்டபோது தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார். தடுப்புக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அறைவித்தார். பெற்றோல் வண்டியும் பிறந்த அன்றே எங்கும் எண்ணெய் கிடைக்கும் வண்டியாகப் பிறக்கவில்லை என்பதை, மின்சாரக் காரைப் பழிப்போர் மறந்துவிடுகின்றனர். 1899இல் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை முதன்முதற் கடந்த மோட்டார் வண்டி, பெல்ஜிய நாட்டினரான கமீல் ஜெனாற்சி ஓட்டிய மின்சார வண்டியே என்பதையும் அவர்கள் அறியார்.

நிற்க. எமது கதைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு மாசி மாதத்துக் கலியாணம் ஒன்றிற்காக இலண்டனிலிருந்து சூரிச்சுக்குப் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர். போக்ஸ்ரனிலே காரை ரயிலில் ஏற்றி, கடலடிச் சுரங்கத்தால் முப்பத்தைந்து நிமிடத்திற் பிரான்சின் கலே துறையை அடைந்து, றைம்ஸ் நகரை நோக்கி ஓடினோம். பின்னிருக்கையிலே எமது பெரியதாயார், எண்பதை எட்டியவர். கூரையிலே பலகாரப் பெட்டி. கூரைப்பெட்டி காற்றை எதிர்க்கும், எதிர்த்தால் மின்சாரம் விரையும் என்பதை அறிந்திருந்தும் பொருட்படுத்தினோமல்லோம். பிரான்சின் பெருந்தெருவிலே 130 கிலோமீற்றர் வேகம் சட்டப்படி தகுமென்றதனால் நாமும் 130இலே விட்டோம். குளிரும் வேகமும் கூரைப்பெட்டியும் ஒன்றுகூட, பற்றறியின் இருப்பு எமது கணக்கை மீறிக் கரைந்தது. இரவு பத்து மணியளவில் நூற்றுக்கு ஒன்பது என்ற நிலையிலே ஒரு மின்னேற்று நிலையத்தை அடைந்தோம்.

அங்கேயிருந்த பொறி எமது வங்கி அட்டையை ஏற்கவில்லை. கைத்தொலைபேசியிலே அந்நிறுவனத்தின் செயலியைப் பதித்து, கணக்குத் திறந்து, உறுதிப்படுத்தும் எண் வரும்வரை காத்திருக்கும்படி பிரெஞ்சு மொழியிற் பணித்தது. எண் வரவில்லை. இருப்பைக் காக்கவேண்டிக் காரின் வெப்பத்தை அணைத்தோம். முக்காடு இட்டுக்கொண்டிருந்த பெரியதாயார், “தம்பி, காசு தாறம் எண்டாலும் தரமாட்டினமோ?” என்று கேட்டார். எமக்கு விடை இருக்கவில்லை. முக்கால் மணி நேரத்தின்பின் வந்த ஒரு வழிப்போக்கர் தம்மிடமிருந்த அட்டையைப் பொறியிற் காட்டி எமக்கு மின்சாரம் வழங்கினார். பணம் கொடுத்தோம், பாதியே பெற்றுக்கொண்டார்.

பெரியதாயாரின் கேள்வியே இக்கட்டுரையின் வித்து. பெற்றோல் விற்போன் வாங்குவோனின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பதில்லை. பணத்தை நீட்டினால் எண்ணெய் கிடைக்கும். மின்சாரத்தை மாத்திரம் உறுப்பினர்க்கே விற்போம் என்பதும், விலையைப் பலகையில் எழுதாது தொலைபேசிக்குள் ஒளித்துவைப்பதும் வாணிக நேர்மைக்கு ஒவ்வாதன. முதியோரும், தொலைபேசி பழகாதோரும், பிறநாட்டினின்றும் வந்தோரும் தெருவில் நிற்க, செயலி உடையோர் மாத்திரம் ஓடுவது என்ன நியாயம்?

நல்லவேளையாக, அரசுகளும் இதனை உணர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1804 எண் ஒழுங்குவிதி 2024 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 50 கிலோவாற்றும் அதற்கு மேலும் வலுவுள்ள புதிய பொதுப் பொறிகள் யாவும் வங்கி அட்டையை ஏற்றல் வேண்டும். முக்கிய பெருந்தெருக்களிலுள்ள பழைய பொறிகளுக்கு 2027 சனவரி முதலாந் தேதி கெடுவாக விதிக்கப்பட்டது. பிரித்தானியாவும் இதனையொத்த விதியொன்றை 2024 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. ஆயினும் சுவிற்சர்லாந்து ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று. எல்லாத் தெருவும் முக்கிய பெருந்தெருவுமன்று. ஆதலின், புறப்படுதற்கு ஒரு கிழமை முன்னரே, வீட்டிலிருந்தபடி, பல நிறுவனங்களின் பொறிகளில் செல்லும் மின்னேற்று அட்டைகள் இரண்டை வரவழைத்து, அருகிலுள்ள பொறியொன்றிற் சோதித்துப் பார்த்துவிடுக. ஒன்று பிழைத்தால் மற்றது உதவும்.

இனி வேகத்தைப் பற்றி. இதிலே எம்மவர் பலருக்கு எம்மோடு உடன்பாடில்லை. ஆதலிற் கணக்கையே காட்டுகின்றோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். 110இலிருந்து 130க்கு ஏறினால் வேகம் கூடுவது ஐந்திலொன்றுக்குச் சற்றுக் குறைவே. தடையோ ஐந்தில் இரண்டு பங்கு கூடுகின்றது. எமது காரின் பற்றறி 60 அலகு கொள்ளும். மாசிக் குளிரிலே 130இல் ஓடினால் நூறு கிலோமீற்றருக்கு 25 அலகு செல்கின்றது. 110இல் 21 அலகு. பற்றறியை நூற்றுக்குப் பத்திலிருந்து எண்பது வரை நிரப்பி ஓடுவோமாயின், ஒரு தடவைக்குக் கைக்கு வருவது 42 அலகு. முந்திய வேகத்திலே 168 கிலோமீற்றர், பிந்தியதிலே 200. ஒவ்வொரு தரிப்புக்கும் அரைமணி எனக் கொண்டால், 800 கிலோமீற்றர் வழிக்கு விரைந்தோடுபவர் மிச்சம் பிடிப்பது முக்கால் மணி நேரத்திலும் குறைவு. அதற்காக அவர் செலவிடுவதோ 32 அலகு மேலதிகம். பெருந்தெருவோரப் பொறிகளில் ஓரலகின் விலை வீட்டு விலையின் இரட்டிப்பையும் மீறுவதுண்டு என்பதையும் சேர்த்து எண்ணுக. அன்றியும், அடுத்த பொறி பழுதாயிருந்தால் அதற்கடுத்ததற்குச் செல்லும் கையிருப்பு மெதுவாகச் சென்றவரிடமே இருக்கும். அந்தக் கையிருப்பு எத்தகைய செல்வம் என்பதை றைம்சுக்கு அருகே அன்றிரவு கற்றோம்.

எண்பது வரையே நிரப்புக என்றது ஏன் எனச் சிலர் வினவுவர். திருவிழாக் காலத்து பஸ் வண்டியை நினைத்துப் பாருங்கள். முதலில் ஏறுவோர் ஓடிச்சென்று ஆசனம் பிடிக்கின்றனர். கடைசியில் ஏறுவோர் இடந்தேடி நெருக்கித் தள்ளி நிற்பதற்குள் நேரம் போய்விடுகின்றது. பற்றறிக்குள் மின்னணுக்கள் புகுவதும் ஏறக்குறைய அவ்வாறே. பத்திலிருந்து எண்பதுக்கு ஏறும் நேரமே எண்பதிலிருந்து நூறுக்கும் பிடித்துவிடும். ஆதலின், வீட்டிலிருந்து புறப்படும்போது நூறும், வழியிலே எண்பதும் போதும்.

குளிர்ந்த பற்றறியும் விரைவாக மின்னேற்றத்தை ஏற்காது. குளிரிலே விரைந்தேற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றறியைக் கெடுக்குமாதலின், காரே தன்னைத்தான் அடக்கிக்கொள்கின்றது. இதற்கு மருந்து எளிது: செல்லவேண்டிய மின்னேற்று நிலையத்தைக் காரின் வழிகாட்டியிலே குறித்துவிட்டால், இக்காலத்துக் கார்கள் பல பற்றறியை வழியிலேயே சூடாக்கிவிடும். நாமோ முதற்பயணத்திலே கைத்தொலைபேசியின் வழிகாட்டியை நம்பிச் சென்றோம். தொலைபேசி சொன்ன வழியைக் கார் எங்ஙனம் அறியும்?

செருகிகளையும் வடங்களையும் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஐரோப்பாவிலே விரைவு மின்னேற்றத்துக்கு இன்று பெருவழக்காயுள்ளது சீ.சீ.எஸ். முறை. பழைய நிசான் லீஃப் கார்களோ சாடெமோ முறையின. புதிய நிலையங்கள் பலவற்றில் அச்செருகி இல்லை. லீஃப் வைத்திருப்போர் வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் முன்கூட்டியே பார்த்தல் வேண்டும். அவ்வண்டியிலே ஆல்ப்ஸ் வரை செல்லுதலை நாம் நண்பர்களுக்குச் சொல்வதில்லை. மெதுவாக ஏற்றும் தெருவோரக் கம்பங்கள் பலவற்றில் வடம் இராது. சொந்த வடம் கொண்டுசெல்லல் வேண்டும். உறவினர் வீட்டுச் சுவரிலே மாட்டி ஏற்றுவதாயின், இங்கிலாந்தின் முக்கோண முனைச் செருகி அங்கே பயன்படாது. பிரான்சும் யேர்மனியும் ஒருவகை. சுவிற்சர்லாந்து தனக்கென வேறொருவகை வைத்துள்ளது. பத்து அம்பியரில் பத்து மணி நேரம் ஏற்றினால் 23 அலகு; நூறு கிலோமீற்றருக்குப் போதும். கலியாண வீட்டிலே மூன்று நாள் தங்குவோருக்கு இதுவே மலிவான வழி. நீட்சி வடத்தைச் சுருளாக வைத்துப் பாவித்தல் மாத்திரம் ஆகாது. சுருள் சூடேறி உருகும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பதும் மின்கட்டணத்துக்குப் பங்கு கொடுப்பதும் நாம் சொல்லித் தெரியவேண்டியனவல்ல. ஆயினும் சிலருக்குச் சொல்லவேண்டியிருக்கின்றது.

ஏனைய ஆயத்தங்கள் எல்லா வண்டிக்கும் பொதுவானவை. 2021 செப்டம்பர் 28 முதல் பிரித்தானிய வண்டியின் பின்புறத்தில் ‘ஜீ.பீ.’ என்ற பழைய எழுத்துகள் செல்லாது, ‘யூ.கே.’ என்றிருத்தல் வேண்டும். வலப்புறம் ஓடும் நாடுகளில் எதிரே வருவோரின் கண்ணைக் கூசாதபடி முன்விளக்கைத் திருத்தல் வேண்டும். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிர்சட்டையும் பிரான்சிலே கட்டாயம். சுவிற்சர்லாந்தின் பெருந்தெருவுக்கு ஓராண்டுக்கு 40 பிராங்கு கட்டணம். மின்சாரக் காருக்கும் விலக்கில்லை. யேர்மனியின் பசுமை வலயங்களில் புகையே இல்லாத எமது வண்டிக்கும் ‘புகை குறைந்தது’ என்ற பச்சை வில்லை ஒட்டவேண்டுமாம். சட்டத்துக்கும் சிரிக்கத் தெரியும்போலும். டயரின் காற்றைக் குளிர்ந்த நிலையிற் சோதிக்க. இவ்வண்டிகள் பாரமானவை, பலவற்றில் மேலதிகச் சக்கரமும் இல்லை. பெரிய பற்றறி நிறைந்திருந்தும், சிறிய பன்னிரண்டு வோல்ற் பற்றறி செத்தாற் கார் கண்விழியாது. நாலைந்து வருடம் ஓடிய காராயின் அதனையும் சோதிப்பித்துவிடுக.

2025 ஆகஸ்டிலே இரண்டாம் முறை சென்றோம். இம்முறை கூரைப்பெட்டி இல்லை, வேகம் 110. வழியிலே நான்கு இடத்தில் மின்னேற்றினோம். நான்கிலும் வங்கி அட்டையே போதுமாயிற்று. சூரிச்சிலிருந்து கொத்தார்ட் மலைவழியாகத் தெற்கே இறங்கினோம். பதினேழு கிலோமீற்றர்ச் சுரங்கம் இருந்தும், பெரியதாயார் மலையைப் பார்க்கவேண்டுமென்றமையால் 2,106 மீற்றர் உயரக் கணவாயின் மேலேயே ஏறினோம். இரண்டு தொன் வண்டி ஆயிரம் மீற்றர் ஏறுதற்கு, ஓட்டச் செலவு தவிர, ஐந்தரை அலகு செல்லும். இறங்கும்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி அதிற் பெரும்பங்கைத் திருப்பித் தருகின்றது. மலைமேலே தங்கி, இரவு முழுவதும் நூறுவரை நிரப்பிவிட்டு இறங்குவோருக்கு அந்த வரவு இல்லை. நிறைகுடத்தில் ஊற்றினால் வழியும். அன்றியும், மின்தடுப்பு இயங்காமையால் சக்கரத் தடுப்பையே அழுத்தி அழுத்தி இறங்கவேண்டும். மலையுச்சியை எழுபதோடு அடைதல் நன்று. ஐரோலோவிலே இறங்கி நின்றபோது, கணவாயிற் கண்டதைவிட மூன்று கூடியிருந்தது. அதைப் பெரியதாயாருக்குக் காட்டினோம், அவர் நம்பவில்லை.

இலங்கையிலே 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதன்பின், யாழ்ப்பாணத்திலுள்ள பழைய மாணவர் சிலர் இத்தகைய கார்களைப் பற்றி எமக்கு எழுதிக் கேட்கின்றனர். கொழும்புக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். அங்கே குளிரில்லை; வேகமும் 130 ஆகாது. ஆயின், வழியிலுள்ள பொறிகள் எத்தனை, அவற்றிலே வேலைசெய்வன எத்தனை, பணம் வாங்கும் முறை யாது என்பவற்றை அங்குள்ளோரே ஓடிப்பார்த்து எழுதினால், அடுத்த மலரிலே படிக்க ஆவலாயுள்ளோம்.

வரும் கோடையிலே நோர்வேக்குச் செல்ல எண்ணியிருக்கின்றோம். அட்டைகள் வந்துவிட்டன, வடம் பெட்டியிலே இருக்கின்றது. பெரியதாயாரும் தம் கம்பளியை இப்போதே பின்னிருக்கையில் மடித்து வைத்துவிட்டார்.