தறிக்காரப் பையனும் கடலைப் பார்க்கட்டும்!

ஆரணிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அப்புறம் வீட்டுக்குள்ளே குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க நேரம் இராது.

என் அக்காள் மகனுக்கு 22 வயது. கெட்டிக்காரப் பையன். கரையும் முந்தியும் பிசகாமல் நெய்வான். ஆனால் போன வருஷம் வரையில் அவன் கடலைப் பார்த்ததில்லை.

கடல் அவ்வளவு தூரமா? இல்லை. செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போனால் மாமல்லபுரம் சுமார் 130 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் கடற்கரையில் நிற்கலாம்.

"நாலு நாள் மாமல்லபுரம் போய்விட்டு வருகிறேன், அம்மா" என்றான் பையன்.

"நாலு நாள் தறி நின்றால் கூலி யாரடா கொடுப்பார்?" என்றாள் அக்காள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள்

மாமல்லபுரத்துக்குக் கடல் கடந்து வாலிபர்கள் வருகிறார்கள். தோளில் ஒரு பை. கையில் ஒரு புத்தகம். மணலில் படுத்து வெயில் காய்கிறார்கள். "வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்று நாம் சிரிக்கிறோம். அவர்களும் ஊரில் உழைக்கிறவர்கள்தான். உழைத்துச் சேர்த்த காசில்தான் வருகிறார்கள்.

அங்கேயும் இது சும்மா வந்துவிடவில்லை. 1936-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். தொழிலாளிக்கு வருஷத்தில் 2 வாரம் சம்பளத்தோடு லீவு என்றது அந்தச் சட்டம். அந்தக் கோடையில் ரயிலேறிப் போய், முதன்முதலாகக் கடலைப் பார்த்த தொழிலாளர் குடும்பங்கள் பல.

நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பள லீவு தர அது வழி செய்தது. வீட்டிலே தறி போட்டவருக்கு அப்படி உண்டா? நெய்தால் கூலி. நெய்யாவிட்டால் இல்லை.

கடலுக்கே ஓய்வு உண்டு

பையன் போனான். சிற்பங்களைப் பார்த்தான். பல்லவ ராஜாக்களுக்குக் காஞ்சி தலைநகரம், மாமல்லபுரம் துறைமுகம். அவர்கள் செதுக்கி வைத்த கோயில்களை 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடற்கரைக் கோயில் 1,200 வருஷங்களுக்கும் மேலாக உப்புக் காற்றில் நிற்கிறது.

ஆனால் அவன் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது மீனவர் குப்பத்தில்தான். அங்கே ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டிருந்தார். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது நம் பையனுக்கும் தெரிந்த வேலை. இரண்டு பேரும் சீக்கிரம் சிநேகமாகிவிட்டார்கள்.

அந்தப் பெரியவர் ஒரு விஷயம் சொன்னாராம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அது மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது விட்டுவைத்தால்தான் பிறகு வலை நிறையும்.

யோசித்துப் பாருங்கள். கடலுக்கே வருஷத்தில் 61 நாள் ஓய்வு. தறிக் குழியில் உட்காரும் பிள்ளைக்கு நாலு நாள் கூடாதா?

எப்போது அனுப்பலாம்?

தறி ஓடும்போது நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பாவு முடிந்து, அடுத்த பாவு வந்து ஏறும்வரை இடைவெளி உண்டு. அந்த நாட்களில் பிள்ளையை அனுப்புங்கள். கூலி நஷ்டம் குறையும். செலவுக்கு ஒவ்வொரு சேலைக்கும் கொஞ்சம் எடுத்து உண்டியலில் போடுங்கள். கூட்டுறவுச் சங்கங்களும் பாவு கொடுக்கும் முதலாளிமாரும் இதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கினால் அது தர்மம் அல்ல, நல்ல வியாபாரம்.

ஏன் என்றால், வாலிபர்கள் தறியை விட்டுச் செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைக்கும் போகிறார்கள். கூலி போதவில்லை என்பது முதல் காரணம். அதைக் கடற்காற்று தீர்க்காது. கூலிதான் உயர வேண்டும். ஆனால் "அங்கே வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டு" என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாமா? நாலு நாள் விடமாட்டோம் என்று பிடித்து வைத்தால், பிள்ளை ஒரேயடியாகப் போய்விடுவான்.

போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கடலைப் பாருங்கள், கடலோடு விளையாடாதீர்கள். நீச்சல் தெரிந்தவனையும் அலை இழுத்துவிடும். உள்ளூர் மீனவர் "வேண்டாம்" என்றால் கரையிலேயே நில்லுங்கள். குப்பையை மணலில் போடாதீர்கள்.

அக்காள் கேட்ட கேள்வி

பையன் திரும்பி வந்தான். "புது டிசைன் ஏதாவது கொண்டு வந்தானா?" என்று தெருவில் கேட்டார்கள். இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தான். மறுநாளே தறியில் உட்கார்ந்தான். அது போதாதா?

இரண்டு நாள் கழித்து அக்காள் தார் சுற்றிக்கொண்டே அவனிடம் மெல்லக் கேட்டாள்: "ஏண்டா, அலை எவ்வளவு உயரம் வரும்?"

அவளுக்கு வயது 48. அவளும் கடலைப் பார்த்ததில்லை. அவள் மகளும் பார்த்ததில்லை. பையன் தனியாகப் பஸ் ஏறிவிடலாம். பெண்கள் அப்படிக் கிளம்ப வீடு விடுவதில்லை. கேட்கவும் அவர்களுக்கு வாய் வருவதில்லை.

ஆகவே நான் முடிவாகச் சொல்வது இதுதான். அடுத்த பாவு முடியட்டும். இந்தத் தடவை வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போய் வாருங்கள்.