மெருகேறாத குரல்
வெள்ளாற்றின் தென்கரையிலே, வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களின் இல்லங்கள் நிறைந்த லப்பைக்குடிக்காட்டில், அண்மையில் ஒரு தேநீர்க்கடையில் ‘சற்று முன்பு’ பாட்டு ஒலிக்கக் கேட்டபோது, 2012இல் இளையராஜாவின் ‘நீதானே என் பொன்வசந்தம்’ படப் பாடல்கள் வெளிவந்த காலத்து விமரிசனங்கள் நினைவுக்கு வந்தன. எழுபதை நெருங்கிய அம்மேதை, ஹங்கேரிய வாத்தியக் குழுவின் பிரவாகத்தை ஒருபுறம் வைத்துக்கொண்டு, மறுபுறம் பக்குவப்படாத குரல்களிடம் மெட்டுகளை ஒப்படைத்துவிட்டார் என்று அவருடைய பக்தர்களே சலித்துக்கொண்டார்கள்; கௌதம் மேனனின் படமும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எட்டுப் பாடல்களும் சிரேஷ்டமானவை என்று நான் வாதிட வரவில்லை; ராக் பாணியில் புறப்படும் ‘புடிக்கல மாமு’ இன்றும் என் மனத்தில் ஒட்டவில்லை. ஆனால், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பேத்தி ரம்யா பாடிய ‘சற்று முன்பு’ பாட்டில், அன்று தோஷமென்று சுட்டப்பட்ட அந்தக் கரகரப்பே அல்லவா ஜீவன்! சுசீலாவின் தேனையோ ஜானகியின் குழைவையோ அங்கே ஊற்றியிருந்தால், காத்திருந்து ஏமாந்த ஒரு பெண்ணின் ஆற்றாமை அழகான சங்கீதமாகியிருக்குமே ஒழிய, கோபமும் துக்கமும் பிரித்தறிய முடியாதபடி கலந்த அந்த வேதனையாகியிராது. எண்பதுகளின் இளையராஜாவையே அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, அவர் துணிந்து கொடுத்த இந்தப் புதுமையைப் பெற்றுக்கொள்ளச் சில வருஷங்கள் தேவைப்பட்டன.