பூங்கா யாருக்கு? கேட்டுட்டுக் கட்டுங்க சாமி!

நம்ம ஏரியாவுல புதுசா பூங்கா வரப்போகுதுன்னா அது நமக்கு எப்படித் தெரிய வரும்? ஒருநாள் காலைல ஜேசிபி வந்து நிக்கும். அப்புறம் சுத்தித் தகரம் அடிச்சு மறைச்சுடுவாங்க. சில மாசம் கழிச்சுத் தகரத்தை எடுத்தா உள்ளே எட்டு வடிவ நடைபாதை, நாலு உடற்பயிற்சிக் கருவி, ஒரு மூலைல சறுக்குமரம், ரெண்டு ஊஞ்சல், 'பந்து விளையாடக் கூடாது'ன்னு ஒரு போர்டு. எந்தப் பேட்டைக்குப் போனாலும் இதே செட்டுதான்.

இத்தனைக்கும் அந்த நிலம் சும்மா வந்தது இல்லை. தமிழ்நாட்டுல 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற மனையில லேஅவுட்டோ அடுக்குமாடியோ வந்தா, சாலை போக மீதியில 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும். ஓ.எஸ்.ஆர். நிலம்னு சொல்றது இதைத்தான். ஊருக்குன்னு எழுதிக் கொடுத்த இடத்துல என்ன வரணும்னு ஊரைக் கேட்க வேண்டாமா?

கேட்க வழி இல்லாமலும் இல்லை. பகுதி சபாவுக்கான விதிகள் 2022-ல வந்தாச்சு. அதே வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்குப் பல ஊர்கள்ல கூட்டமும் நடந்துச்சு. நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனா இந்த மாதிரி கூட்டத்துக்கு யார் வர்றாங்கன்னு கொஞ்சம் பாருங்க. ரிட்டயர் ஆன பெரியவங்க, நலச்சங்கத்துச் செயலாளர், கவுன்சிலருக்குத் தெரிஞ்ச நாலு பேர். அவங்க கேக்கறது நடைபாதை, பெஞ்சு, நாய்த்தொல்லை இல்லாம இருக்கணும், பசங்க கிரிக்கெட் ஆடக்கூடாது. அவங்க கேக்கறதுல தப்பே இல்லை. சாயங்காலம் முட்டிவலியோட நடக்கறவருக்கு நல்ல பாதை வேணும்தான். ஆனா விளையாட்டுத் திடலுக்குச் சொந்தக்காரங்க நாலு வயசுலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் இருக்கறவங்க. அவங்கள்ல ஒருத்தர்கூட மைக் பிடிக்கறது இல்லை. கடைசில பூங்கா வாக்கிங் மைதானமாயிடுது. பசங்க தெருவுல காருக்கு நடுவுல ஆடறாங்க.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஆஸ்திரியாவோட தலைநகர் வியன்னாவுல 1990-களில் பூங்காக்களை ஆராய்ஞ்சப்ப ஒண்ணு தெரிஞ்சுது. ஒன்பது, பத்து வயசைத் தாண்டினதும் பெண் குழந்தைங்க பூங்காவுக்கு வர்றது சரசரன்னு குறையுது. பசங்களோட இடத்துக்குச் சண்டை போடப் பிடிக்காம ஒதுங்கிடறாங்க. உடனே அவங்க ஐன்ஸீட்லர் பூங்காவுல திறந்த வெளியைச் சின்னச் சின்ன இடமாப் பிரிச்சாங்க, வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் விட்டாங்க, பாதையில விளக்கு போட்டாங்க. பெண் குழந்தைங்க திரும்ப வந்தாங்க. பெரிய செலவு பண்ணி மாத்தின விஷயம் இல்லை இது. யார் வரலைன்னு பார்த்து மாத்தினது, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல வராதவங்க பட்டியல் இன்னும் நீளம். சக்கர நாற்காலில வர்ற குழந்தைக்கு வாசல்ல சாய்தளம் இருக்கும், உள்ளே போனா நாலு பக்கமும் மணல். (சென்னை சாந்தோம்ல மாற்றுத்திறனாளிக் குழந்தைங்களும் ஆடற மாதிரி மாநகராட்சியே பூங்கா அமைச்சுது. ஆக, முடியாததும் இல்லை.) கைக்குழந்தையோட வர்ற அம்மாவுக்கு நிழலும் கழிப்பறையும் இல்லைன்னா பத்து நிமிஷத்துல கிளம்பிடுவாங்க. அம்மா கிளம்பினா குழந்தையும் கிளம்பணும். மே மாசம் மதியம் தகரச் சறுக்குமரத்துல உட்கார்ந்து பார்த்த எஞ்சினியர் யாராவது இருக்காங்களா? :-)

கேக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. "என்ன வேணும்?"னு குழந்தைகிட்ட கேட்டா "ஊஞ்சல்"னுதான் சொல்லும், அதுக்குத் தெரிஞ்சது அதுதானே. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தெருவுக்குப் போய் "இப்ப எங்க விளையாடறே? அந்தப் பூங்காவுக்கு ஏன் போறதில்லை?"னு கேக்கணும். பெரிய பொண்ணுங்ககிட்ட பசங்க இல்லாதப்போ தனியாக் கேக்கணும். பேரப்பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற ஆயாகிட்ட எங்க உட்கார்ந்தா குழந்தை கண்ணுல படும்னு கேக்கணும்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க சார், அப்புறம் வேலை நடக்காது" என்பது அதிகாரிங்க தரப்பு. கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா பணக் கணக்கை மறைச்சு வெச்சுக் கேட்டாதான் அப்படி ஆகும். கையில இருக்கறது இவ்வளவு, அடியில ரப்பர் தரை போட்டா ஒரு ஊஞ்சல் குறையும், எது வேணும்னு கேளுங்க. வீட்டுச் செலவை மாசாமாசம் இழுத்துப் பிடிக்கற சனத்துக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன?

அடுத்த தடவை உங்க ஏரியாவுல பகுதி சபா கூடினா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. புதுப் பூங்காவோட வரைபடத்தை, செலவுக் கணக்கோட, டெண்டர் விடறதுக்கு ஒரு மாசம் முன்னாடி பள்ளிக்கூட வாசல்லயும் ரேஷன் கடையிலயும் ஒட்டச் சொல்லுங்க. பக்கத்துலயே ஒரு பேனாவும் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்க.