கூடிக் கற்கும் ஆசிரியர்கள்

13ஆம் நூற்றாண்டிலே நன்னூலை யாத்த பவணந்தி முனிவர், கல்வி ஒருவனுக்கு எவ்வழியால் எவ்வளவு வந்து சேரும் என்பதை அந்நூலின் பாயிரத்திற் கணக்கிட்டு வைத்தார். ஆசிரியர் சொல்லக் கேட்பதால் வருவது காற்பங்கு. உடன்பயில்வாரோடு பழகுவதால் வருவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். மாணவர்க்கெனச் சொல்லப்பட்ட இக்கணக்கைக் கற்பித்தல் என்னும் கலைக்கும் இட்டுப் பார்ப்போம். எமது ஆசான்களைப் பார்த்து அறிந்த காற்பங்கு எம்மிடம் உண்டு. வாரந்தோறும் வகுப்பெடுப்பதால் வரும் அரைப்பங்கும் உண்டு. உடன் கற்பிப்போரிடமிருந்து வரவேண்டிய காற்பங்கு மட்டும் வருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பெடுக்கும் எவருக்கும் அது வராது.

இக்குறை எமது வார இறுதிப் பாடசாலைகளுக்கு மட்டும் உரியதன்று. பள்ளி ஆசிரியருக்குக் கோப்பாயிலும் பலாலியிலும் பயிற்சிக் கலாசாலைகள் இருந்தன. ஆனால் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் விரிவுரை மண்டபத்துள் நுழைவதற்கு எப்பயிற்சியும் வேண்டியதில்லை என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. பொருளை அறிந்தவர் அதனைப் புகட்டவும் அறிவார் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை, கரும்பலகையோடு மட்டும் பேசிய விரிவுரையாளர்களிடம் படித்த பெற்றோர் நன்கறிவர்.

நாம் வாழும் டென்மார்க் நாட்டிலே இன்று நிலைமை வேறு. இங்கு அட்யுங்க்ட் எனப்படும் இளம் விரிவுரையாளர் லெக்டர் என்னும் நிலைக்கு உயர்வதற்கு ஆய்வுக் கட்டுரைகள் மட்டும் போதா. அவரது கற்பிக்கும் தகைமை பற்றிய எழுத்துமூல மதிப்பீடும் வேண்டும். அதற்கெனப் பல்கலைக்கழகங்கள் பயிற்சி நெறிகளை நடத்துகின்றன. ஒருவரது வகுப்பில் மற்றவர் சென்று அமர்வதும், பின்னர் கூடியிருந்து பேசுவதுமே அந்நெறிகளின் உயிர்நாடி என்பது எமது எண்ணம். 1972இல் தொடங்கிய ரொஸ்கில்ட பல்கலைக்கழகமும், 1974இல் தொடங்கிய ஓல்போர்க் பல்கலைக்கழகமும் மாணவரைக் குழுக்களாக்கிச் செயற்றிட்டங்கள் வழியே கற்பிப்பதிற் பெயர் பெற்றவை. அங்கு படிக்கும் எமது பிள்ளைகள் வீட்டுக்கு வந்தாலும் குழு வேலை, குழு வேலை என்றே சொல்வதைப் பெற்றோர் கேட்டிருப்பீர்கள். மாணவர்க்கு நல்லதாகிய ஒன்று ஆசிரியர்க்கு எங்ஙனம் தீதாகும்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தில் (புளோரிடாவிலுள்ள மயாமி நகரை எண்ணி மயங்க வேண்டாம்) 1979இலேயே இத்தகைய ஆசிரியர் குழுக்கள் தொடங்கின. வெவ்வேறு துறையினர் ஒரு சிறு குழுவாகி ஓராண்டு முழுவதும் தத்தம் கற்பித்தலைப் பற்றிக் கலந்துரையாடுவர். இரசாயனவியல் கற்பிப்பவருக்கு வரலாறு கற்பிப்பவர் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம். பாடத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசை மாணவன் எந்த நிமிடத்திலே கவனம் இழந்தான் என்பதைச் சொன்னாற் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு தருவோம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களிலே வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் ஒரு வினாவைக் கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்பதையும், அக்காத்திருப்பு மூன்று விநாடியானால் மாணவரின் விடைகள் நீள்கின்றன என்பதையும் அவர் கண்டார். எமது சிறார்களை எண்ணிப் பாருங்கள். அவர்களிற் பலருக்கு விடை முதலில் டெனிஷ் மொழியிலேயே தோன்றுகின்றது. அதற்குரிய தமிழ்ச் சொல்லைத் தேடியெடுத்து, 'ழ'கரமா 'ள'கரமா என்று தெளிந்து, வாய் திறப்பதற்குள் ஆசிரியர் விடையைத் தாமே சொல்லிவிடுகிறார். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்ற முடிவும் அப்போதே பிறந்துவிடுகின்றது. வகுப்பெடுப்பவரால் தமது மௌனத்தைத் தாமே அளக்க இயலாது. பின்வாங்கில் ஒரு கடிகாரத்தோடு அமர்ந்திருக்கும் தோழரால் இயலும்.

இதற்கு எம்மவரிடையே தயக்கம் உண்டு. அதன் வேரையும் நாம் அறிவோம். தாயகத்தில் வகுப்பின் பின்புறம் ஒருவர் வந்து அமர்ந்தால் அவர் கல்வி அதிகாரியாகவே இருப்பார். அன்று சுவரெல்லாம் புதுப் படங்கள் தொங்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவர். பரிசோதனையால் எமக்குப் பழகிப்போனது அச்சமே. இங்கு நாம் வேண்டுவது வேறொன்று. எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பெடுப்பவரே முன்கூட்டிச் சொல்லுவார். வந்தவர் புள்ளி இடமாட்டார், மாணவர் முன் வாய் திறக்கமாட்டார், கண்டதை நிர்வாகத்திடமும் சொல்லமாட்டார். வயதில் இளையவர் மூத்தவரின் வகுப்பில் அமர்வதை மரியாதைக் குறைவாகக் கொள்வதும் தேவையற்றது. இங்கு பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியைகளுக்குப் பிள்ளைகளின் மனவோட்டம் தெரியும். எமக்கு இலக்கணம் தெரியும். இரண்டும் ஓரறையிற் சந்திக்கட்டுமே.

எமக்கு இது ஆடம்பரமுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமை 2002இலே கொம்யூன்களிடமிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் எமது மொழிக் கல்வியின் சுமை பெரும்பாலும் தொண்டர் ஆசிரியர் மீதே விழுந்தது. வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் வெண்கட்டியை எடுப்பவர்கள் இவர்கள். பயிற்சிக்கு அனுப்பப் பணமில்லை, கலாசாலையும் இல்லை. ஆனால் அடுத்த அறையில் இன்னோர் ஆசிரியர் இருக்கிறார், அது இலவசம்.

ஆகவே வரும் தவணையில் மூன்று மூன்று ஆசிரியர்களாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் மற்ற இருவரது வகுப்புக்கும் ஒருமுறை சென்று அமர்வது என்று முன்மொழிகின்றோம். பாடம் முடிந்தபின் ஒரு கோப்பைத் தேநீரோடு அரை மணித்தியாலம் பேசினாற் போதும். மாணவச் செல்வங்களே, உங்கள் ஆசிரியர் சோதிக்கப்படுகிறார் என்று எண்ணி அன்று மட்டும் அமைதியாக இருந்துவிடாதீர்கள், வழமைபோலவே இருங்கள். பெற்றோரிடம் கேட்பது ஒன்றே. ஓர் ஆசிரியர் அடுத்த அறைக்குச் செல்லும் பாடவேளையில் அவரது வகுப்பை யார் பார்ப்பது? ஒரு தாயோ தந்தையோ வந்து ஒரு கதையை உரத்து வாசித்துக் காட்டினாற் போதும். தவணையின் முதற் பெற்றோர் கூட்டத்தில் பெயர் பதியும் தாள் மேசையில் இருக்கும்.