தொகை சரி, தேதி எங்கே?

உயிர் மருத்துவத்தில் பிஎச்.டி. செய்ய நினைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது உதவித்தொகையைத்தான். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். இரண்டு வருடம் கழித்து 42,000. ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், சரியாக 24 லட்சம்! வீட்டு வாடகைப்படி தனி.

ஆனால் கணக்கு என்றால் தொகை மட்டுமா, தேதியும் உண்டே? பலருக்கு இந்தப் பணம் மாதாமாதம் வருவதில்லை. சில மாதம் நின்று, பிறகு மொத்தமாக வருகிறது. அதுவரை மெஸ் பில், அறை வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே கைமாற்றுதான். வளர்க்கிற செல்களோ ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை, மீடியம் மாற்ற அன்றைக்கும் லேபுக்குப் போயாக வேண்டும். (செல்லுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது!)

வணிகவியல் பாஷையில் இதற்குப் பெயர் வட்டியில்லாக் கடன். கொடுப்பவர் மாணவர், வாங்குவது அரசாங்கம்.

2014, 2019, 2023 என்று தொகை மூன்று முறை ஏறியது. அடுத்த கோரிக்கையில் தேதி முதலில் இருக்கட்டும். மாதத்தின் முதல் வாரத்தில் பணம், தாமதமானால் வட்டி. வருமான வரி ரீஃபண்ட் தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி போட்டுத் தருவதும் இதே அரசாங்கம்தானே?